உப்பு நிறைந்த தண்ணீரில் கல்லுக்கு இடம் உண்டா?

வாசகர் ஒருவர், குப்பம் – 4 பிப்ரவரி 2024

எங்கள் கொல்லையில் போர் போட்டோம். ஆயிரம் அடிக்குக் கீழே வந்த தண்ணீர் வெதுவெதுப்பாகவும் கரிப்பாகவும் இருக்கிறது. பூமிக்குள் சூடான உப்புத் தண்ணீர் கல்லைக் கரைத்து, தங்கத்தைச் சுமந்து வந்து, தங்கம் கிடைக்கும் சிகரகுண்டா பக்கம் வைத்தது என்று ஒருவர் சொன்னார். சூடு சரி. சூடான தண்ணீரில் எல்லாமே கூடுதலாகக் கரையும். ஆனால் உப்பு ஏற்கெனவே நிறைந்த தண்ணீரில் இன்னொன்று கரைய இடம் ஏது? நல்ல தண்ணீர்தானே கல்லைக் கரைக்க வேண்டும்?

5 பிப்ரவரி, இரவு

குப்பத்து வாசகருக்கு என் பதில்: உப்பு இடத்தை அடைப்பதில்லை. பல உலோகங்களைத் தூக்கிக்கொண்டு போவதே உப்புதான்.

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற தாதை நல்ல தண்ணீரில் போட்டால் கரைந்தது என்று சொல்லவே முடியாத அளவுக்குத்தான் கரையும். அதே தண்ணீரில் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, நிறைய இருந்து, சூடும் 200, 300 டிகிரிக்கு ஏறினால் கதை மாறுகிறது. உப்பிலிருந்து வந்த குளோரைடு அயனிகள் (அயனி என்றால் மின்னூட்டம் கொண்ட அணு) ஈய அயனியைச் சுற்றிச் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு. பாக்கை வெற்றிலையில் மடிப்பது போல. மடித்து வைத்த ஈயம் கந்தகத்தின் கையில் சிக்காமல் தண்ணீரோடு போகிறது. துத்தநாகம், தாமிரம், இரும்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதற்குச் சூடு ஏன் வேண்டும் என்றால், தண்ணீரின் குணமே சூட்டில் மாறிவிடுகிறது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகளைப் பிரித்து வைப்பதில் சாதாரணத் தண்ணீர் கெட்டிக்காரர். அந்தத் திறனை மின்காப்பு மாறிலி என்று அளக்கிறார்கள். 25 டிகிரியில் அது 78. 300 டிகிரியில் 20 பக்கம் விழுந்துவிடுகிறது. பிரித்து வைக்கும் பிடி தளர்ந்ததும் ஈயமும் குளோரைடும் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே சூடும் உப்பும் இரண்டு தனித்தனிக் காரணங்கள் அல்ல. சூடு ஏற ஏறத்தான் உப்புக்கு வேலை வருகிறது.

300 டிகிரியில் தண்ணீர் ஆவியாகிவிடாதா என்று அடுத்த கேள்வி வரும். மேலே அழுத்தம் இருந்தால் ஆகாது. 300 டிகிரியில் நல்ல தண்ணீரைத் திரவமாக வைத்திருக்கக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 85 மடங்கு அழுத்தம் போதும். 3 கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீரின் சொந்தப் பாரமே கிட்டத்தட்ட 300 மடங்கு கொடுத்துவிடும்.

6 பிப்ரவரி

"சூடான தண்ணீரில் எல்லாமே கூடுதலாகக் கரையும்" என்ற வரியை நேற்று விட்டுவிட்டேன். விடக் கூடாத வரி அது.

குப்பத்தில் போர் தண்ணீர் உபயோகிக்கிற எந்த வீட்டிலும் ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகக் கல் பிடித்திருக்கும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூடாக்கியதால்தான் அது வெளியே வந்தது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் இருக்கும் வரை கால்சியம் கார்பனேட் கரைந்திருக்கும். சூட்டில் வாயு பறந்ததும் கல்லாகப் படிந்துவிடும். வாயு பறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கால்சைட்டின், அதாவது கால்சியம் கார்பனேட் கனிமத்தின், கரைதிறன் சூட்டில் குறையத்தான் செய்கிறது.

கடல் தண்ணீரிலும் இப்படி ஒன்று உண்டு. அதை 150 டிகிரிக்கு மேலே சூடாக்கினால் அதிலிருக்கும் கால்சியம் சல்பேட் அன்ஹைட்ரைட் என்ற கனிமமாகப் படிந்துவிடும். 1979இல் கிழக்குப் பசிபிக் கடலடியில் 350 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கரும்புகை போலத் தண்ணீர் பீறிடும் ஊற்றுகளைக் கண்டார்கள். அவற்றின் குழாய்ச் சுவர் முதலில் எழுவதே இந்த அன்ஹைட்ரைட்டால்தான். அதன் மேல்தான் தாமிர, இரும்பு சல்ஃபைடுகள், அதாவது கந்தகம் சேர்ந்த கனிமங்கள், பூசிக்கொள்கின்றன.

சூட்டில் கூடுதலாகக் கரைவது ஒரு கட்சி, குறைவாகக் கரைவது இன்னொரு கட்சி. சமையல் உப்பு இந்த இரண்டு கட்சியிலும் சேராது. 100 கிராம் தண்ணீரில் 25 டிகிரியில் 36 கிராம் கரையும், 100 டிகிரியில் 39 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் பொட்டாசியம் நைட்ரேட்டை வைத்துக் கரைதிறன் கோடு வரையச் சொல்கிறோம். அது சூட்டில் கடகடவென ஏறும். அந்த ஒரே படம் பிள்ளைகள் மனதில் நின்றுவிடுகிறது. நானும் பல வருடம் வேதியியல் எடுத்தவன்தான். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே கால்சைட்டின் கோட்டையும் வரையச் சொல்லியிருக்க வேண்டும் பாடநூல்.

6 பிப்ரவரி, பின்னிரவு

கால்சைட் பற்றி ஒரு வரி கூடுதலாக. சூடு அதன் கரைதிறனைக் குறைக்கிறது, உப்பு கூட்டுகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் மூன்றாவது கை. பூமிக்குள் எந்தக் கை ஜெயிக்கிறது என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

8 பிப்ரவரி

வி.கோட்டாவிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, வெங்கச்சங்கல் எப்படிக் கரையும்? அதற்கும் குளோரைடு மடிப்புத்தானா?"

நல்ல கேள்வி. இல்லை தம்பி. வெங்கச்சங்கல் என்பது சிலிக்கா, குவார்ட்ஸ். அது கரையும்போது மின்னூட்டம் இல்லாத சிலிசிக் அமில மூலக்கூறாகத்தான் கரைகிறது. குளோரைடுக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. சூடுதான் அதற்கு எல்லாம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான் குவார்ட்ஸ் கரையும். 200 டிகிரியில் 250 மில்லிகிராமுக்கு மேல். 300 டிகிரியில் 600 மில்லிகிராம் பக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 டிகிரித் தண்ணீர் மேலே ஏறிக் குளிர்ந்து, கிலோவுக்கு 500 மில்லிகிராம் சிலிக்காவை ஒரு வெடிப்பில் விட்டுச் செல்கிறது என்று வைப்போம். ஒரு டன் வெங்கச்சங்கல் சேர 2,000 டன் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே போயிருக்க வேண்டும். கங்குந்தி மலைப் பக்கம் கிரானைட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும் கை அகல வெள்ளைக் கோடுகளை இந்தக் கணக்கோடு பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

9 பிப்ரவரி

நேற்று சிலிக்காவுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை என்பது போலத் தொனித்துவிட்டது. அதை இறுக்கிச் சொல்ல வேண்டும். சூடு குறைவாக இருக்கும்போது உப்பு சிலிக்காவின் கரைதிறனைக் கொஞ்சம் குறைக்கும். சூடு மிக ஏறி அழுத்தம் குறைவாக இருக்கும் இடங்களில் அதையே கூட்டவும் செய்யும். ஆனால் ஈயத்துக்கு உப்பு செய்கிற பேருதவியோடு இதை வைத்துப் பார்க்க முடியாது.

9 பிப்ரவரி, மாலை

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். போர் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்ததால் கீழே கொதிநீர் இருக்குமோ என்று.

பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். நம் பாறை மிகப் பழைய, குளிர்ந்த பாறை. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அந்த அடியில் பாறையின் சூடு 65 டிகிரியை ஒட்டித்தான். கிலோமீட்டருக்கு 12 டிகிரி அளவுக்கு ஏறுகிறது என்று அர்த்தம். உலகத்தின் பல இடங்களில் 25, 30 ஏறும். உங்கள் ஆயிரம் அடி, 300 மீட்டர். அதற்கு 4 டிகிரி கூடும், அவ்வளவே. மாசி மாதக் காலையில் கையை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் தெரியும். சித்திரையில் அதே தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும்.

65 டிகிரி என்று எழுதிவிட்டேன். அந்தப் பாறைக்கு நடுவே மனிதர் நின்று வேலை செய்ய, மேலிருந்து குளிரூட்டிய காற்றை உள்ளே இறக்கினார்கள். நான் தங்கவயலில் வளர்ந்தவன். ஷிப்ட் முடிந்து வருபவர்களின் சட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும்.

12 பிப்ரவரி

தங்கத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

"சூடான உப்புத் தண்ணீர் தங்கத்தைக் கொண்டுவந்தது" என்ற வாக்கியம் ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் பொருந்துகிற அளவுக்குக் கோலார்த் தங்கத்துக்குப் பொருந்தாது. தங்கவயல் மாதிரியான தங்கம், அதாவது பழைய எரிமலைப் பாறைப் பட்டைகளில் குவார்ட்ஸ் ரீஃபாக (பாறை வெடிப்பை நிரப்பிய கோடாக) வருகிற தங்கம், உலகம் முழுவதும் பெரும்பாலும் உப்புக் குறைந்த தண்ணீரில்தான் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய, கந்தகம் கொஞ்சம். தங்கத்தைப் பிடித்துக்கொண்டது குளோரைடு அல்ல, கந்தகம். ஒரு தங்க அணுவுக்கு இரண்டு பக்கமும் ஹைட்ரோசல்ஃபைடு, அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி.

உப்பு ஏன் குறைவு? தண்ணீர் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஆழத்தில் பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறைகள் 500 டிகிரி பக்கம் வேகும்போது, கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீரும் கார்பன் டை ஆக்சைடும் கந்தகமும் கழன்று வெளியே வருகின்றன. அந்தப் பாறையில் குளோரின் கொஞ்சம்தான். கொடுக்கிற கையில் உப்பு இல்லாதபோது வாங்கிய தண்ணீரில் எப்படி இருக்கும்? 250 கோடி வருடத்துக்கு முந்தைய கதை இது. தெற்கே சிகரகுண்டா, பிசாநத்தம் வரை 80 கிலோமீட்டர் நீளும் ஒரே பட்டைதான்.

உப்புத் தண்ணீர் தங்கத்தைத் தூக்கவே தூக்காது என்றும் சொல்லிவிடக் கூடாது. 400 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, புளிப்பு (அமிலத்தன்மை), மிகுந்த உப்பு எல்லாம் சேர்ந்தால் குளோரைடும் தங்கத்தைச் சுமக்கும். எரிமலைக் குழம்பு குளிரும் இடத்தை ஒட்டி அப்படி நடக்கிறது. நம் ஊர் ரீஃபின் கதை அது அல்ல.

13 பிப்ரவரி

"தங்கத்துக்குக் கந்தகம் துணையா? பத்தரிடம் கேட்டால் சிரிப்பார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சயனைடு மேட்டை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தங்கவயலுக்குள் நுழைந்தாலே கண்ணில் படும் சாம்பல் நிற மலைகள். தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் ஊற வைத்து, தங்கத்தை மட்டும் கரைத்து எடுத்தபின் கொட்டிய மண் அது. அந்த முறைக்கு 1887இல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். அங்கேயும் ஒரு தங்க அணுவுக்கு இரண்டு பக்கமும் சயனைடு நிற்கிறது. பூமி கந்தகத்தை வைத்து ஆழத்தில் செய்ததையே ஆலையில் சயனைடை வைத்துச் செய்தோம். அசையாத தங்கத்துக்குக் கைகொடுக்க ஆள் கிடைத்தால் அதுவும் தண்ணீரில் இறங்கும்.

13 பிப்ரவரி, இரவு

அளவையும் சொல்லிவிடுகிறேன். தங்கவயலிலிருந்து மொத்தம் எடுத்தது சுமார் 800 டன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடும் வரை. ஒரு கிலோ தண்ணீரில் ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு தங்கம் கரைந்திருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஒரு கிராம் தங்கத்துக்கு 100 டன் தண்ணீர். 800 டன்னுக்கு 80 கன கிலோமீட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 2.65 கன கிலோமீட்டர். முப்பது மேட்டூர். கொண்டுவந்த தங்கம் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் இறங்கியிருந்தால்தான் முப்பது. உண்மையில் அதற்கும் கூடத்தான் ஓடியிருக்கும்.

17 பிப்ரவரி

கரைந்தது சரி, ஏன் அங்கேயே இறங்கியது என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

தண்ணீர் குளிர்ந்தால் சிலிக்கா இறங்கும். அழுத்தம் சட்டென்று விழுந்தால், அதாவது நிலநடுக்கத்தில் வெடிப்புத் திறந்தால், கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியேறும், கால்சைட் இறங்கும். சாம்பியன் ரீஃபில் குவார்ட்ஸோடு கால்சைட்டும் உண்டு. தங்கத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதைச் சுமந்த கந்தகத்தைப் பறித்துவிட வேண்டும். இரும்பு நிறைந்த பாறையைத் தண்ணீர் தொட்டால் இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு பைரைட் போன்ற சல்ஃபைடாக மாறும். துணை போனதும் தங்கம் தண்ணீரில் நிற்க முடியாது. தங்கவயல் பட்டையின் கரும்பாறை இரும்பு நிறைந்த பழைய பசால்ட். பக்கத்தில் இருக்கும் கிரானைட்டில் அவ்வளவு இரும்பு இல்லை. கிரானைட்டை உடைத்துத் தங்கம் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஈயத்துக்கு இது தலைகீழ். உப்புத் தண்ணீரில் வந்த ஈயம் கந்தகத்தைச் சந்தித்த இடத்தில் இறங்கும். தங்கத்துக்குத் துணையாக இருந்தவரே ஈயத்துக்கு எதிரி. ஒரே தண்ணீர் இரண்டையும் நிறையச் சுமப்பது கடினம். ஆந்திராவிலேயே குண்டூர்ப் பக்கம் அக்னிகுண்டாலாவில் ஈயமும் தாமிரமும் இருக்கின்றன. அங்கே பண்டலமொட்டுவில் ஈயம் டோலமைட் என்ற, சுண்ணாம்புக்கல் போன்ற பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் கோலார்ப் பட்டை தங்கத்துக்குப் பெயர் போனது, ஈயத்துக்கு அல்ல.

18 பிப்ரவரி

உப்புத் தண்ணீர் உலோகம் சுமப்பதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சால்டன் ஏரிக்கரையில் நிலவெப்பத்துக்காக ஒரு கிணறு தோண்டினார்கள். 300 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், நாலில் ஒரு பங்கு உப்பாகவே இருந்த தண்ணீர் வந்தது. சில மாதத்திலேயே குழாய்க்குள் கறுப்பாகக் கல் பிடித்தது. எடுத்துச் சோதித்தால் உள்ளே தாமிரம், வெள்ளி. நம் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படிகிற இடத்தில் அவர்களுக்கு வெள்ளி படிந்திருக்கிறது!

செங்கடலின் அடியிலும் அதே காலத்தில் 50 டிகிரிக்கு மேலே சூடான, கடலைவிடப் பல மடங்கு கரிக்கும் தண்ணீர்க் குழிகளைக் கண்டார்கள். அடியில் துத்தநாகமும் தாமிரமும் செறிந்த சேறு.

19 பிப்ரவரி

போரில் உப்புப் போட்டுச் சுட வைத்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார். கெட்டுப்போன போர் கிடைக்கும். வேண்டாம் தம்பி. உங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடைச் சோதியுங்கள். பக்கத்துக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல் கறைபட்டதும் எலும்பு வளைந்ததும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அதுவும் பாறை கரைகிற கதைதான். தண்ணீரில் கால்சியம் குறைவாக இருக்கும் இடத்தில் ஃப்ளோரைடு அதிகம் தங்கும்.

25 பிப்ரவரி

இத்தனை கோடி வருடத்துக்கு முந்தைய தண்ணீரில் உப்பு இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று குப்பத்து நண்பர் மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கு.

அந்தத் தண்ணீர் இன்னும் இருக்கிறது. வெங்கச்சங்கல் பால் போல வெளுத்திருப்பதற்குக் காரணமே அதுதான். படிகம் வளரும்போது நுண்ணிய குழிகளில் அன்றைய தண்ணீர் மாட்டிக்கொண்டது. முடியைவிட மெல்லிய குழிகள், எண்ணிலடங்காதவை. கல்லைக் கண்ணாடி போல மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு குழியிலும் திரவமும் ஒரு குமிழியும் தெரியும். சிலவற்றில் குமிழி தானாக நடுங்கிக்கொண்டே இருக்கும்.

குமிழி ஏன் வந்தது? சூடாக மாட்டிய தண்ணீர் குளிர்ந்து சுருங்கியதால். அப்படியென்றால் கல்லைத் திரும்பச் சூடாக்கினால், குமிழி மறையும் வெப்பம் அந்தத் தண்ணீர் மாட்டிக்கொண்ட காலத்தின் சூட்டுக்குக் கீழ்வரம்பு. ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்ற ஆங்கிலேயர் இதை 1858லேயே எழுதிவிட்டார். உப்பை அறிய எதிர்வழி, உறைய வைப்பது. நல்ல தண்ணீர்ப் பனி 0 டிகிரியில் உருகும். கடல் தண்ணீர் அளவு உப்பு இருந்தால் மைனஸ் 2 பக்கம். உப்பு நிறைய இருந்தால் மைனஸ் 21 வரை போகும். அதற்கும் மேலே உப்பு இருந்தால் குழிக்குள்ளேயே சதுரமாக ஓர் உப்புக்கல் முளைத்திருக்கும். யாரும் சொல்லித் தர வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

அந்தத் தண்ணீர் உப்பா இல்லையா என்று வாதாடுவதைவிட ஒரு சில்லை எடுத்து உறைய வைத்துப் பார்ப்பது மேல். நிலவியல் துறை உள்ள சில பல்கலைக்கழகங்களில் அந்தக் கருவி இருக்கிறது.

27 பிப்ரவரி

சில்லு எடுக்கச் சொன்னதும் இரண்டு பேர் சுத்தியலோடு கிளம்பிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தண்ணீரில் கரைந்து வந்து படிந்த அதே சிலிக்கா, துளையிடும்போது தூசியாகி நுரையீரலுக்குள் போனால் கரைந்து வெளியேறுவதில்லை. உடம்பின் சூடு 37 டிகிரி, அந்தச் சூட்டில் எவ்வளவு கரையும் என்று மேலே போட்ட கணக்கிலேயே தெரியும். 1940களில் தங்கவயலில் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள். நான் வளர்ந்த தெருவில் இருமாத வீடு கிடையாது. இன்று குப்பத்துக் கிரானைட் குவாரிகளிலும் அறுப்புப் பட்டறைகளிலும் வேலை செய்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது என் நினைப்பு அங்கேதான் போகிறது.

ஆகவே கல்லை நனைத்துவிட்டு உடையுங்கள். ஈரத் துணியில் சுற்றி ஒரே போடாகப் போட்டால் தூசி எழாது. கண்ணுக்குக் கண்ணாடி. மூக்குக்குத் துண்டு போதாது, என்95 முகமூடி வேண்டும். பால் வெள்ளையான பகுதியில் விரல் நகம் அளவு சில்லு ஒன்று போதும். எந்த இடத்தில், எந்தப் பாறைக்கு நடுவே எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சில்லோடு வையுங்கள். இடம் எழுதாத கல்லை எந்த ஆய்வுக்கூடத்திலும் வாங்க மாட்டார்கள்.